பேசவா, நடக்கவா

சண்டை போடுவதற்கு முன் ஏலக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசி போன்ற ஒரு கருவியை எடுத்துப் பொத்தானை அழுத்துவார். மைத்துனர் காத்திருக்க வேண்டும். சற்றுப் பொறுத்து, கணீரென்று குரல் வரும்: "இப்ப சொல்லுங்க மச்சான். என் வீட்டுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கச் சொன்னது நீங்கதானே?"

எங்கள் எதிர்வீட்டுக்காரர். பழைய மரச்சாமான்களை ஏலம் விட்டே பிழைத்தவர். கால் உடைந்த மேஜையைக்கூட, "மூணு காலே போதும்னு ராஜா விட்டுட்டுப் போனதுங்க" என்று தள்ளிவிடுவாராம். பார்க்கின்சன் நோய் முற்றியபோது மாத்திரை ஒரு வேளை கேட்கும், மறு வேளை கேட்காது. கரண்டி வாய்க்குப் போய்ச் சேராது. வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து லேசாக மின்சாரம் செலுத்தலாம் என்றார் டாக்டர். நோய் போகாது; நடுக்கமும் விறைப்பும் குறையும்; பேச்சு கொஞ்சம் குழறலாம்.

வாயால் பிழைத்த மனிதர் கலங்கிப்போனார். சில நாள் யாரிடமும் பேசவில்லை. "என்ன, இப்பவே ஒத்திகை பாக்குறீங்களா?" என்று மனைவி கேட்க, சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு சம்மதமும் வந்தது.

ஆபரேஷனின்போது விழித்துத்தான் இருந்தார். "ஏதாவது பேசிக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர். கேட்கவா வேண்டும்? தலைக்கு மேலிருந்த விளக்கை ஏலம் விட ஆரம்பித்தார். ஒரு நர்ஸ் விலை கேட்டார். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." மூன்றாம் தரம் வரவில்லை. தூக்கிப் பிடிக்கச் சொன்ன வலது கை ஆடாமல் நின்றிருந்தது. "அது யாரு கைன்னு நர்ஸம்மாவைக் கேட்டேன் சார்" என்கிறார்.

இப்போது மார்புத் தோலுக்கடியில் பேட்டரி. கருவியில் டாக்டர் இரண்டு அளவு வைத்துக் கொடுத்திருக்கிறார். ஒன்றில் கால் நன்றாக நடக்கும், வாய் குழறும். மற்றதில் பேச்சு தெளியும், கால் இழுக்கும். "ரெண்டையும் சேர்த்துக் கேட்டா அது பேராசை. வந்த விலைக்கு முடிச்சிடணும்" என்பார் ஏலக்காரர்.

மாலை நடையில் மனைவிதான் பேசுவார். கல்யாணமான நாள்முதல் இடைவெளி கிடைக்காமல் சேர்ந்துபோன பேச்சு. ஏலக்காரர் "ம்" கொட்டிக்கொண்டே பக்கத்தில் நடப்பார்.

நேற்று நானும் கூடப் போனேன். தெருமுனையில் அந்த அம்மாவின் செருப்பு வார் கழன்றுவிட்டது. அவர் குனிவதற்குள் ஏலக்காரர் குந்தி உட்கார்ந்துவிட்டார். வாரைக் கொக்கியில் மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, தரையில் கை ஊன்றாமல் எழுந்தார்.