வெறுமனே வந்த மூடி

பட்டாசுக் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் சரம் பின்னியிருக்கிறேன். நான் பின்னிய சரம் பாதியில் அணைந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு. எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். இதை எழுத நாலு நாள் ஆகும். ஆகட்டும்.

மத்தியானம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தகரக் கொட்டகையில் வட்டமாக உட்காருவோம். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுப் பொரியலைத் தூக்குவாளி மூடியில் வைத்து நீட்டுவாள். எடுத்தவள் தன்னுடையதில் கொஞ்சம் அதில் வைத்து அடுத்தவளிடம் கொடுப்பாள். போன மூடி வெறுமனே திரும்பக் கூடாது. ஒரு சிட்டிகை உப்பாவது இருக்க வேண்டும். மூத்தவள் என்பதால் எல்லா மூடியும் முதலில் என்னிடம்தான் வரும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், வைகாசியில், ஒருத்தி புதிதாக வந்தாள். முப்பது வயது இருக்கும். முன்பு வேலை பார்த்த இடத்தில் மருந்து வெடித்து, அவளோடு ஒரே ரூமில் இருந்த மூன்று பேர் போய்விட்டார்கள். இவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள். இவள் மேல் ஒரு பொறிகூடப் படவில்லை.

"கூட இருந்த மூணு பேரையும் முழுங்கிட்டு வந்தவ" என்று வேலைக்கு வரும் வேனிலேயே பேச்சு.

"நம்ம ரூம்ல விட்டா நான் லீவு போட்டுருவேன்" என்றாள் ஒருத்தி.

"ஆமா, சீசன்ல போர்மேன் உனக்குத் தாம்பாளத்துல வச்சு லீவு குடுப்பாரு."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

முதல் நாள் அவள் வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, சீனியவரைக்காய்ப் பொரியலை மூடியில் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கோங்க பெரியம்மா."

எல்லோர் கண்ணும் என் கை மேல் இருந்தது.

"எனக்கு வயித்துக்கு ஆகாது தாயி" என்றேன். தன்மையாகத்தான் சொன்னேன்.

மூடி அடுத்தவளிடம் போனது. அவளுக்கும் ஆகவில்லை. பதினோரு பேருக்கும் ஆகவில்லை. வைத்தது வைத்தபடி அவளிடமே போய்ச் சேர்ந்தது. நான் ஒரு வாய் எடுத்திருந்தால் பதினோரு பேரும் எடுத்திருப்பார்கள். மூன்று நாள் வைத்துப் பார்த்தாள். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்த் தனியாகச் சாப்பிட்டாள்.

ஆடியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்விட்டு மாவிளக்கு மாவு கொண்டுவந்தாள்.

"எதுக்கு அம்புட்டுத் தூரம் நடந்த?" என்று கேட்டேன்.

"நீங்கள்லாம் என்னையச் சேத்துக்கணும்னு வேண்டிக்கிட்டேன் பெரியம்மா."

ஆத்தா பிரசாதத்தை மறுக்க முடியாது. வாங்கினேன். மற்றவர்களும் வாங்கினார்கள். அன்றைக்கு அவள் வட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் நான் அந்த மாவைத் தின்னவில்லை. முந்தானையில் முடிந்து வைத்து, சாயங்காலம் சுவரோரம் எறும்புக்கு உதறினேன். திரும்பினால், முகம் கழுவ வந்த அவள் நிற்கிறாள்.

"வேன் கெளம்பப் போகுது பெரியம்மா, வாங்க" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தேன். மனது அடங்கவில்லை. போன தை மாதம், சீனியவரைக்காய்ப் பொரியல் செய்து மூடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, ஆலங்குளம் பக்கம் இருக்கும் அவள் ஊருக்குப் பஸ் ஏறினேன். வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க பெரியம்மா, நல்லா இருக்கீகளா?" என்று பாய் விரித்தாள். தண்ணீர் தந்தாள். பொரியலை என் முன்னாலேயே சாப்பிட்டாள்.

"அந்த மாவு..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்க. எறும்பும் உசுருதான."

அவள் மூடியைக் கழுவ உள்ளே போனாள். சீனி டப்பா திறக்கிற சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை. ஈரம் போகத் துடைத்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள். மூடியில் ஒன்றும் இல்லை.

வழக்கம் தெரியாதவள் இல்லை அவள். மறக்கவும் இல்லை. வாங்கிக்கொண்டு எழுந்தேன். பஸ் வரும்வரை வாசலில் என்னோடு நின்றாள்.