முழங்கை அளவுத் தண்ணீர்

தங்கையின் கணவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகமல்ல. பச்சைத் தண்ணீருக்குள் முழங்கை வரை மூழ்கியிருக்கும் என் வலது கை. மீன் வளர்ப்பவர்கள் தண்ணீரை அப்படித்தான் சோதிப்பார்கள். கையை விட்டதும் உள்ளங்கை தெரிந்தால் தீனி போதாது, சாணம் கரைத்து ஊற்றவேண்டும். தெரியாவிட்டால் மிதவை நுண்ணுயிர்கள் பெருகியிருக்கின்றன, கட்லா மீனுக்குப் பஞ்சமில்லை.

செங்கல்பட்டை அடுத்த ஒரு சிற்றேரியில் அவர் மீன் குத்தகை எடுத்திருந்தார். தங்கையின் நகையெல்லாம் அடகுக்குப் போய் அதற்குள்தான் கிடந்தது. நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்றவன். அதனால் தண்ணீர் பார்ப்பது என் பொறுப்பாயிற்று. கூடுவாஞ்சேரியில் ரயிலேறிப் போவேன். "எங்க மச்சான் புரொபசரு. கை வுட்டாருன்னா லேப் ரிப்போர்ட்டு மாதிரி" என்று கரையில் நிற்பவர்களிடம் அவர் சொல்லிக்கொள்வார். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தக் கோடையில் நீர் இடுப்பளவுக்கு இறங்கி, காலையிலேயே வெதுவெதுப்பாக இருந்தது. "இன்னா மச்சான், பெயிண்டு ஊத்துன மாதிரி கீது?" என்று சிரித்தார். கையை விட்டேன். உள்ளங்கை தெரியவில்லை. தீனி நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்திருந்தால் அது நீலப்பச்சைப் பாசி என்று தெரிந்திருக்கும். தண்ணீர் சூடேறினால் அந்தப் பாசி மற்றவற்றை முந்திக்கொள்ளும். அதை மேய முடியாமல் மீனுக்கு இரையான நீர்த்தெள்ளுகள் அருகிப்போகும். இரவில் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் அது இழுத்துக்கொள்ளும். இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். ஆனால் அது குளிர்நாட்டு ஏரிகளின் பாடம் என்றே நினைத்திருந்தேன். புத்தகப் படங்களில் கரையோரம் பனி இருக்கும். நம் ஏரிகள் எப்போதும் வெயிலில் கிடப்பவை, இவற்றுக்கு இனி என்ன புதுச் சூடு என்பது என் எண்ணம்.

சில நாட்களில் விடியற்காலை போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஏரி முழுக்க வெள்ளை வெள்ளையாய் மீன் வயிறுகள். தங்கை கரையில் உட்கார்ந்திருந்தாள், எழவில்லை. அவர்தான் அருகில் வந்தார். "வெயிலு அப்பிடி கீது. நீ இன்னா பண்ணுவ?"

ஆமாம், வெயில்தான் என்றேன். அது பொய்யில்லை, அதனால் சொல்வது எளிதாக இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன், தூங்கினேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அவர் மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டப் போனார். பண்டிகைகளில் சந்தித்துக்கொண்டோம். ஏரியைப் பற்றி யாரும் பேசவில்லை.

போன வாரம் என்னைத் திருவிடந்தைக்குக் கூப்பிட்டார். நண்பரோடு சேர்ந்து ஒரு சிறு குட்டையில் மீன் விட்டிருந்தார். "கை வுட்டுப் பாரு மச்சான்" என்றார். குனிந்து கையை விட்டேன். தண்ணீர் உடம்புச் சூட்டில் இருந்தது. கை நனைந்ததே உறைக்கவில்லை. கையை வைத்துச் சொல்ல முடியாது, பாட்டிலில் எடுத்துப்போய்ப் பார்க்கவேண்டும் என்றேன். அன்றும் அப்படித்தான் செய்திருக்கவேண்டும், அந்த மீன்கள் செத்தது என்னால்தான் என்றும் சொன்னேன்.

அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"அன்னிக்கே தெரியும். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

பாட்டில் எடுத்துவர பைக்கை நோக்கி நடந்தார். கையை எடுக்கத் தோன்றாமல் நான் அப்படியே குனிந்திருந்தேன். உள்ளங்கை தெரியவில்லை.