செவ்வந்தி சொன்ன கரடி

புளியம்பழத்தின் ஓட்டை உடைக்கும்போது ஒரு வாசம் வரும்... பல் கூசும், எச்சில் ஊறும். ஜவ்வாது மலையில் எங்கள் வீடு முழுக்க அந்த வாசம்தான். அப்பா ஆலங்காயத்திலிருந்து மலைக்குக் குடிவந்த புளி வியாபாரி. மலைக்காரர்களின் மரங்களைக் குத்தகைக்கு எடுப்பார்.

அப்பாவுக்கு ஒரு சட்டம். "பேரம் பேசற வூட்டாங்ககிட்ட பழக்கம் வெச்சிக்கக் கூடாது. அப்பறம் யாவாரம் பண்ண முடியாது."

மலைக்காரப் பெண் செவ்வந்தியின் வீட்டிலும் அதே பாட்டுதான். "யாவாரி மவகிட்ட இன்னாடி பேச்சு? மரத்துல இன்னா காய்ப்புன்னு போட்டுக் குடுத்துடுவா."

நாங்கள் புளியைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை! ஸ்கூலில் ஆளுக்கொரு மூலை. லீவு நாளில் மட்டும் புளியந்தோப்பின் கடைசி மரத்தடியில் கூடிவிடுவோம்.

எனக்கு மரமேறக் கற்றுக்கொடுத்தது அவள்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மேலே இருப்பவர் "உலுக்கட்டா?" என்று கேட்க வேண்டும். கீழே இருப்பவர் "உலுக்கு" என்ற பிறகுதான் கிளையை ஆட்டலாம். காய்ந்த கொம்பு தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது?

ஒரு லீவு நாள் காலை மேலேயிருந்து "உலுக்கட்டா?" என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். குனிந்து பார்த்தால்... செவ்வந்தி குப்புறக் கிடக்கிறாள். அவள் மேல் கரடி.

யாரையும் கேட்கவில்லை. அலறிக்கொண்டே கிளையை உலுக்கு உலுக்கென்று உலுக்கினேன். பழமும் சுள்ளியுமாகக் கொட்டியதில் கரடி மிரண்டு புதருக்குள் ஓடிவிட்டது.

இறங்கி ஓடினேன். தோள்பட்டை கிழிந்து ரத்தம். அந்த நிலையிலும் அவள் என்னைத்தான் தள்ளினாள்.

"ஆளுங்க வர்றாங்க, நீ போய்டு. உங்கப்பாருக்குத் தெரிஞ்சா தோல உரிச்சிடுவாரு. எம்மேல சத்தியம், போய்டுடி."

சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு ஓடிவிட்டேன். அவள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஊர் நம்பவில்லை. அந்தச் சரிவில் கரடி நடமாட்டமே இல்லையாம். "நல்லா கரடி வுடறா" என்று சிரித்தார்கள். எவனையோ பார்க்கப் போய் மரத்திலிருந்து விழுந்திருப்பாள் என்று கதை கட்டினார்கள். தூக்கத்தில் அவள் அலறி எழுவதைக்கூட நடிப்பு என்றார்கள். "படிச்சது போதும்" என்று அவள் அப்பா ஸ்கூலை நிறுத்திவிட்டார்.

என் பேரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். சொல்லவே இல்லை, பாவி!

கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தபோது நேராகப் போய் நடுவில் நின்றேன்.

"நானும் அங்கதான் இருந்தேன். மரத்து மேல. வந்தது கரடிதான்... எங்கண்ணால பாத்தேன்."

அப்பா துள்ளி எழுந்தார். "ஏய், வாய மூடு! கரடின்னு சொன்னா எவன் தோப்புக்கு வேலைக்கு வருவான்? புளி மரத்துலயே காஞ்சி கொட்டணுமா?" அந்த வருஷம் அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்ததே அவர்தான்.

ஊர்ப் பெரியவர் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பெத்த அப்பன் யாவாரமே கெடற மாதிரி இந்தப் பொண்ணு எதுக்குப் பொய் சொல்லப்போவுது? நடங்கப்பா, போய்ப் பாத்துட்டு வர்லாம்."

போனார்கள். முள்புதரில் கொத்துக் கொத்தாகக் கறுப்பு மயிர். பக்கத்துப் புற்றில் நகம் கீறிய தடம். சிரித்தவர்களெல்லாம் மெல்ல நழுவினார்கள்!

திரும்பி வந்த செவ்வந்தியின் அப்பா, மகளின் தோள் கட்டைத் தொட்டுப் பார்த்து அழுதார். அடுத்த திங்கட்கிழமை நானும் அவளும் கைகோத்துக்கொண்டு நடுத்தெரு வழியாகத்தான் ஸ்கூலுக்குப் போனோம். அப்பா கொஞ்ச நாள் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார். போகட்டும்... அந்த நடைக்கு ஈடு எதுவுமில்லை.

இன்று செவ்வந்தி அதே மலையில் வனக்காப்பாளர். போன மாதம் போயிருந்தேன். யூனிஃபார்மோடு பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு, கடைத்தெருவில் வேண்டுமென்றே ஹாரன் அடித்துக்கொண்டு போனாள். ஒரு காலத்தில் நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி விலகி நடந்த தெரு அது!

வழியில் அவள் ஆபீஸிலிருந்து போன் வந்தது. வண்டியை ஓரங்கட்டி ஸ்பீக்கரில் போட்டாள். யாரோ ஒரு சின்னப் பெண் கரடியைப் பார்த்தாளாம்.

"சும்மா சொல்லுதோ இன்னாவோ மேடம்..."

"புள்ள எங்க பாத்துச்சு? அத மட்டும் சொல்லு. தோ, வர்றேன்."

போனை வைத்துவிட்டுச் சாவியைத் திருகினாள். அந்தத் தோளைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"உலுக்கட்டா?"

"உலுக்கு!" என்றேன்.