திருமுல்கேரி மாடிப்படி விளக்கு

போன வாரம் எங்கள் சமையலறையில் மிக்ஸி பிளக் கருகிவிட்டது. சட்னி பாதியில் நின்றது. அதைவிட மோசம், அந்த நாற்றம் கூடத்துக்குப் போனதுதான். என் கணவர் செல்வம் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடி வந்தார். "தொடாதீங்க, எலக்ட்ரீஷியன் வரட்டும்" என்றேன். "நான் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படிச்சவனாக்கும்" என்றார். இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். காரணத்தைச் சொன்னால் நீங்களும் என் பக்கம்தான் பேசுவீர்கள்.

இது பல வருஷங்களுக்கு முந்திய கதை. எலக்ட்ரிகல், சிவில் என்று என்ன படித்திருந்தாலும் எல்லோரையும் இழுத்துப் போய் புரோகிராம் எழுத உட்காரவைத்த காலம் அது. செல்வமும் அப்படி ஹைதராபாத் வந்தவர்தான். எனக்கு டெஸ்டிங்கில் வேலை. அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பது. "உனக்குன்னே செஞ்ச வேலை கண்ணு" என்று கோயமுத்தூரிலிருந்து என் மாமியார் போனில் பாராட்டுவார். ஆபீஸ் ஊரின் ஒரு கோடியில். நாங்கள் வீடு பிடித்தது மறு கோடியில், திருமுல்கேரியில். வீட்டுக்காரர்கள் தமிழ் பேசுகிறார்கள் என்ற ஒரே மயக்கம்.

அது தமிழ்தானா என்று தெரியவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. வீட்டுக்காரரான கீழ்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி பிறந்ததே செகந்திராபாத்தில். "காபி நக்கோவா? கைக்குமா?" என்பார். காபி வேண்டாமா, ஏன் என்று அர்த்தம். அவருடைய கணவர் இக்னேஷியஸ் அங்கிள் ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார்.

நாங்கள் மாடியில் குடியிருந்தோம். வீட்டுக்குள்ளேயே செங்குத்தான படிகள்; மொட்டை மாடிக்குப் போக அவர்களுக்கும் அதே வழிதான். நடுவில் திரும்பும் இடத்தில் ஒரே ஒரு பல்பு. அதற்குப் படியின் கீழ்முனையில் ஒரு சுவிட்ச், மேல்முனையில் ஒரு சுவிட்ச். டூ-வே என்பார்கள். கீழே போட்டு மேலே வந்து அணைக்கலாம், மேலே போட்டுக் கீழே அணைக்கலாம். அப்படித்தான் நடக்க வேண்டும். அந்த வீட்டில் மேல் சுவிட்ச் ஒரு குறிப்பிட்ட பக்கம் இருந்தால்தான் கீழ் சுவிட்ச் வேலை செய்யும். மறந்துபோய் அதை மாற்றித் தட்டிவிட்டால், கீழே இருப்பவர் எத்தனை தரம் தட்டினாலும் இருட்டுதான்.

ஆபீஸ் பஸ்ஸில் இடுப்பு ஒடிந்து வந்து அப்போதுதான் உட்கார்ந்திருப்பேன். கீழேயிருந்து குரல் வரும். "மேல ஸ்விட்ச் தட்டும்மா! நீங்க ஆஃப் பண்ணி வெச்சா நாங்க எப்படி வர்றது?" எழுந்து போய்த் தட்டுவேன். எரியும். மறுநாள் நான் கீழே தடவிக்கொண்டு நிற்பேன். அப்போது கத்துவது என் முறை.

செல்வம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல் சுவிட்சைக் கழற்றி இரண்டு ஒயர்களை இடம் மாற்றினார். உடனே பல்பு எரிந்தது. "பாத்தியா?" என்று ஒரு பார்வை. இரண்டே நாளில் பழைய கதை. அதுவும் தலைகீழாக. இப்போது மேல் சுவிட்சை மறுபக்கம் வைத்தால்தான் எரிந்தது. மறுபடி கழற்றினார், மறுபடி எரிந்தது, மறுபடி மாறிப்போனது. பழைய வீடு, ஈரச் சுவர், மட்டமான சுவிட்ச் என்று ஒவ்வொரு தடவையும் புதுக் காரணம். ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். வந்தவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீடு பூராவுக்கும் வயரிங் மாற்றுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். எங்களுக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. நாங்கள் வேண்டுமென்றே அணைக்கிறோம் என்று ஆன்ட்டியும், அவர்தான் வேண்டுமென்றே மாற்றி வைக்கிறார் என்று நானும் நம்பினோம்.

கோபம் இருந்தும் ஆன்ட்டி ஒரு சாயங்காலம் எனக்கு மீன் குழம்பு எடுத்துக்கொண்டு மாடியேறினார். எனக்கு அப்போது நான்காம் மாதம். மீன் குழம்புக்கு ஏங்குகிறேன் என்று எங்கோ சொல்லியிருக்கிறேன். விளக்கு எரியவில்லை. அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுக் கத்தவும் இல்லை. பாத்திரம் உருளும் சத்தம்தான் முதலில் கேட்டது.

மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் முன்னால் நாங்கள் மூன்று பேரும் தலை குனிந்து நின்றோம். அங்கிள்தான் ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கெழம கூட கீழ ஸ்விட்ச் தொறந்து சரி பண்ணினேனே."

செல்வம் நிமிர்ந்தார். "நீங்களா? நானும் ஞாயித்துக்கெழமதானுங்க மேல சரி பண்ணினேன்."

இவர் மேலே மாற்ற, அது கெட்டது என்று அவர் கீழே மாற்ற, மாதக்கணக்காக இது நடந்திருக்கிறது. ஆன்ட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யேசுவே! ரெண்டு பேரும் சேந்து ரிப்பேர் பண்ணி என் கைய ஒடச்சீங்களா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பும் கலந்துவிட்டது. "இனிமே யாரும் எதையும் மாத்தக் கூடாது. நான் சொல்றத மட்டும் செய்யுங்க" என்றேன். அங்கிளைக் கீழேயும் இவரை மேலேயும் நிறுத்தினேன். நடுப்படியில் நின்றுகொண்டு ஒருவரை ஒரு பக்கம் தட்டச் சொல்லி, மற்றவரை இரண்டு பக்கமும் தட்டிப் பார்க்கச் சொன்னேன், பிறகு மாற்றி. ஆபீஸில் தினமும் செய்கிற வேலைதான். இரண்டு சுவிட்சும் ஒரே ஒரு ஜோடி நிலையில் இருந்தபோதுதான் விளக்கு எரிந்தது. செல்வத்துக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு சுவிட்சுக்கும் நடுவே ஓடும் இரண்டு ஒயரில் ஒன்று செத்திருக்கிறது. சுவிட்சில் எதை மாற்றினாலும் இருக்கிற ஒற்றை ஒயர்தான் இடம் மாறும்.

மெயினை அணைத்துவிட்டு, சுவரில் ஒயரை மூடி ஓடிய மரச்சட்டத்தைப் பின்தொடர்ந்தோம். திருப்பத்தில் ஆன்ட்டியின் மகள் கல்யாணப் போட்டோ தொங்கியது. படத்தை எடுத்தால், மரச்சட்டத்தின் நட்ட நடுவில் ஆணி, உள்ளே ஓடிய ஒயரை அறுத்துக்கொண்டு.

"யார் அடிச்சது?" என்றார் அங்கிள்.

ஆன்ட்டி கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஹவ், ஆமா, நான்தான். சுவத்துல ஆணி ஏறல, மரத்துல ஈசியா எறங்குச்சு. போறப்ப வரப்ப அவ மொகத்தப் பாக்கணும்னு மாட்டினேன்." பிறகு மெதுவாக, "அவ ஆஸ்திரேலியா போனப்பறம் மாட்டினது" என்றார்.

அங்கிள் படத்தைத் துடைத்து ஆன்ட்டியின் மடியில் வைத்தார்.

மறுநாளே புது ஒயர் இழுத்தார்கள், செல்வமும் அங்கிளும் சேர்ந்து. அதன் பிறகு சனிக்கிழமைகளில் ஒரே ஸ்கூட்டரில் ராணிகஞ்ச் ஹார்டுவேர் கடைகளுக்குப் போய் எதையாவது வாங்கி வந்து கழற்றிக்கொண்டிருப்பார்கள். என் பிரசவத்துக்கு அம்மா வந்து சேரத் தாமதமானபோது, ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தது ஆன்ட்டிதான். என் பெண் முதலில் பேசிய வார்த்தை 'நக்கோ'.

நாங்கள் சென்னைக்கு மாறிய சில வருஷங்களில் அங்கிள் இறந்துபோனார். ஆன்ட்டியை மகள் வந்து அழைத்துப் போனாள். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது ஆட்டோவை நிறுத்திப் பார்த்தோம். வீடு இருந்த இடத்தில் ஐந்து மாடி அபார்ட்மெண்ட். கேட்டருகே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த எங்களிடம் வாட்ச்மேன் வந்தார். எந்த ஃபிளாட், யாரைப் பார்க்க வேண்டும் என்று இந்தியில் கேட்டார். செல்வம் என்னைப் பார்த்தார். சொல்வதற்கு எங்களிடம் ஒரு பெயரும் இல்லை.