பின்னால் வந்த சைக்கிள்

இசக்கிமுத்துவின் அண்ணன் முப்பத்தொன்பது வயதில், சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழுந்திருக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து தந்தி வந்தபோது இசக்கிமுத்துவுக்கு முப்பத்தேழு. நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிக்கும் வேலை. அன்றிலிருந்து நாளுக்குப் பத்துத் தடவையாவது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

டாக்டர் சோதித்துவிட்டு, "ஒங்க இதயத்துல ஒரு குறையும் இல்ல. பயந்துகிட்டு உக்காந்திருக்காதீங்க. நடங்க, மெதுவா ஓடுங்க" என்றார்.

1982 சித்திரையில் ஒரு விடியற்காலை, வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு கிளம்பினார். குவார்ட்டர்ஸ் தெருவின் இரண்டாவது விளக்குக் கம்பத்திலேயே மூச்சு முட்டியது. நாடியைத் தொட்டுப் பார்த்தார். அது துடித்த வேகத்தில் மிரண்டு, நடந்தே வீடு திரும்பினார். மறுநாள் மூன்று கம்பம். ஆறு மாதத்தில் மந்தாரக்குப்பம் வரை ஓடித் திரும்பினார். பயம் மட்டும் குறையவில்லை. இவ்வளவு தூரம் வந்து விழுந்தால் யார் பார்ப்பது?

மனைவி தமயந்திக்கும் அதே நினைப்புதான், வாய்விட்டுச் சொல்லவில்லை. வாடகை சைக்கிள் எடுத்து, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, பதினைந்து நாளில் ஓட்டப் பழகினாள். பிறகு தினமும் இருபதடி பின்னால் வந்தாள். தெருவில் ஜன்னல்கள் திறந்தன. அவள் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

மறு வருஷம், கூட வேலை பார்க்கும் வடக்குத்து ஊர்க்காரர் சிங்காரவேலு ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். தை மாதம் கடலூரிலிருந்து பாண்டிச்சேரி போய்த் திரும்பும் மாரத்தான்.

"நாப்பத்திரெண்டு கிலோமீட்டராம். பஸ்சுல போய் வந்தாலே எனக்கு இடுப்பு வுட்டுப்போவும். நீங்க ஓடிக்கினே போவீங்களாங்க?"

"தெரியலையே" என்றார் இசக்கிமுத்து. ஆனாலும் அன்றே பெயர் கொடுத்தார். அதன் பிறகுதான் கணக்குப் போட்டார்: தையில் தனக்கு முப்பத்தொன்பது.

பந்தயத்தில் முப்பதாவது கிலோமீட்டர் தாண்டியதும் இடது விலாவில் சுருக்கென்றது. நின்றார். நாடியை எண்ணினார், இரண்டு முறை எண்ணிக்கை தவறியது. கடலூரில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில் பின்னால் வந்த தமயந்தி அதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்னங்க, நெஞ்சா?"

"மூச்சு இழுத்தா குத்துது."

"கைக்கு எறங்குதா?"

"இல்ல. போன மாசம் வந்த விலாப் பிடிப்பு மாதிரிதான் இருக்கு. அதுதானான்னு தெரியல."

"எனக்கு மட்டும் எப்படிங்க தெரியும்?" கடலூர் பஸ் ஒன்று வந்தது, கைகாட்டி நிறுத்தினாள். அவர் கம்பியைப் பிடித்தார். படியில் கால் வைக்கவில்லை.

"அந்தப் பாலம் வரைக்கும் நடக்கேன். அதுக்கப்புறமும் வலிச்சா அடுத்த பஸ்ல ஏறிடுதேன்."

பஸ் போய்விட்டது. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தாள். பாலத்துக்கு முன்பே குத்தல் விட்டது. அவரால் நம்ப முடியவில்லை. பாலம் தாண்டியும் கொஞ்சம் நடந்து பார்த்துவிட்டுத்தான் ஓடினார். அதற்குப் பின் ஒவ்வொரு அடிக்கும் காது நெஞ்சுத் துடிப்பின் மேலேயேதான் இருந்தது.

கடலூரில் பந்தயம் முடியும் மைதானத்தை அவர் எட்டியபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் வேலையை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். இசக்கிமுத்து தரையில் உட்கார்ந்து அழுதார்.

மாலை மந்தாரக்குப்பத்தில் பஸ்சிலிருந்து இறங்க முழங்கால் மடங்கவில்லை. திரும்பி நின்று, குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாகப் பின்பக்கம் இறங்கினார்.

"இன்னா சார் ஆச்சு?" என்றார் கண்டக்டர்.

"பாண்டிச்சேரிக்கு ஓடிட்டு வந்திருக்காரு" என்றாள் தமயந்தி, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.