கட்டைவிரல் பட்ட இடம்

பதினான்கு வருடம் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் தோலைத் தரம் பிரித்தவள் நான். தோலை மேசையில் விரித்து வலது கட்டைவிரலை ஓட்டினால், எங்கே உண்ணி கடித்தது, எங்கே முள் கீறியது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வாயும் ஜாஸ்தி.

டேனரியில் வேலை குறைந்தபோது, வேலூர் போகிற வழியில் புதிதாக வந்த ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் வில்லைகளுக்கு அங்கே வெள்ளைத் தாள் செய்கிறார்கள். தாள் என்று சொல்கிறோமே தவிர, அடியில் இருப்பது பிளாஸ்டிக் படலம். அதன்மேல் வெள்ளைப் பொடி கலந்த கரைசலை மெல்லிசாகப் பூசி நிதானமாகக் காயவிட வேண்டும். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும். அந்த வெள்ளைக்கு இரண்டு வேலை. மேலே விழும் சொட்டை நாலாபக்கமும் சமமாகப் பரப்ப வேண்டும். கீழிருந்து மெஷின் அடிக்கும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். சொட்டு பரவாமல் ஒரே பக்கம் ஒதுங்கினால் அங்கே நிறம் அடர்ந்துவிடும், யாருக்கோ இல்லாத சர்க்கரையை இருக்கிறது என்று மெஷின் சொல்லிவிடும்.

ஷூவுக்குப் போகிற தோலில் தண்ணீர் ஒட்டாமல் உருள்கிறதா என்று பார்த்தே பழகியவள் நான். இங்கே ஊற்றியதும் ஊற வேண்டும். இதற்கு மனது பழகவே ஒரு மாதம் பிடித்தது.

ஒவ்வொரு தாளிலும் வலது மேல் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, அதில் சிவப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, வட்டம் சரியாக வருகிறதா என்று அளப்பது என் வேலை. பொடி கலப்பது மாதனூரிலிருந்து வருகிற ஒரு பெண். ஷூ கம்பெனியில் குனிந்து தைத்துத் தைத்து இடுப்பு போய், இங்கே வந்தவள். "இந்த வேலையாச்சும் நிக்கணும்க்கா" என்று முதல் நாளே என்னிடம் சொன்னாள்.

கையுறை இல்லாமல் தாளைத் தொடக்கூடாது என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டேன். பிறகு, ரப்பரை மாட்டிக்கொண்டு தாளின் வழவழப்பை எப்படிப் பார்ப்பது என்று தோன்றியது. யாரும் கவனிக்காதபோது வலது கையுறையை உருவிவிட்டு, துண்டு வெட்டும் முன் ஓரத்தை ஒரு தடவு தடவிப் பார்ப்பேன். பழைய கை சும்மா இருக்குமா?

சில நாளில் வட்டங்கள் கோணத் தொடங்கின. ஒன்று பிறை மாதிரி, ஒன்று வாழைக்காய் மாதிரி. அந்தத் தாள்களையெல்லாம் ஒதுக்கினோம். மேனேஜர் வந்து, "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டார்.

"பொடி சரியா கரையல சார். திப்பி திப்பியா இருக்கு, பதினாலு வருஷம் தோல் பிரிச்ச கைக்குத் தெரியாதா?" என்றேன்.

"நான் ரெண்டு தடவ சலிச்சேன்க்கா" என்றாள் அந்த மாதனூர்ப் பெண், மெதுவாக. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமையிலிருந்து அவள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை மதியம், என் பேச்சு சரிதான் என்று எனக்கே காட்டிக்கொள்ள ஒதுக்கிய தாள் ஒன்றை எடுத்து, அதன் மேலெல்லாம் சிவப்புச் சொட்டு விட்டேன். நடுவில் வட்டம். இடது ஓரத்தில் வட்டம். கீழே வட்டம். துண்டு வெட்டிய ஓரத்தை ஒட்டி மட்டும் கோணல்.

நான் தடவிப் பார்க்கும் ஓரம் அதுதான். புதுத் தாள் ஒன்றை எடுத்து, அதன் நடுவில் என் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். ஒன்றும் தெரியவில்லை, வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அதன்மேல் சிவப்புத் தண்ணீர் விட்டேன். சுற்றிலும் சிவப்பு ஓடியது. நடுவில் என் விரல் அளவுக்கு வெள்ளையாக ஒரு தீவு நின்றது, ரேகை முதற்கொண்டு. காலையில் தலைவாரியபோது ஒட்டிய தேங்காய் எண்ணெய், இத்தனை வருடத்துப் பெருமை எல்லாம் அதில் இருந்தது.

அறையில் யாரும் இல்லை. கசக்கிக் குப்பையில் போட்டிருக்கலாம். போடலாம் என்று நினைக்கவும் செய்தேன், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தாளை ஏந்திக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். அவள் அங்கேதான் லாக்கர் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "சார், பொடி மேல தப்பு இல்ல. என் கைதான்" என்று சொல்லித் தாளை மேசையில் வைத்தேன். அவர் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சாவியை அவள் பக்கமே தள்ளினார். என்னை ஒரு மாதம் பேக்கிங்கில் போட்டார். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

வெளியே வந்ததும், மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"நீங்க கையுறை கழட்டுறத நான் பாத்திருக்கேன்க்கா."

"அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"பதினாலு வருஷத்துக் கை தப்பா சொல்லுமான்னு நினைச்சேன். நான்தான் சரியா சலிக்கலன்னு நம்பிட்டேன்."

அவளுக்குக் கம்பெனி பஸ் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, எப்போதும் போல எனக்குக் கையாட்டினாள். நான் திருப்பி ஆட்டவில்லை. வலது கையைத் தூக்க வெட்கமாக இருந்தது.