பன்னீர்ச் சொம்பு

காஞ்சிபுரத்தில் நான் படித்த பள்ளிக்கே, பெண் பிள்ளைகள் விஞ்ஞானம் படிக்க வேண்டும் என்று பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு சிறுமி என்மேல் பன்னீர் தெளித்தாள். அந்த வாசனை பட்டதுமே என் எட்டாம் வகுப்பு அறிவியல் கண்காட்சி நினைவுக்கு வந்தது.

அப்பாவின் தறியில் கழித்துப்போட்ட ஜக்கார்டு அட்டைகளை வைத்து ஒரு கருவி செய்திருந்தேன். எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்த அட்டையின் ஓட்டைகள்தான். என் கருவியில் ஓட்டை வரும் இடத்தில் கம்பி தொட்டு விளக்கு எரியும்.

கண்காட்சியன்று காலை தலைமையாசிரியர் என் கையில் பன்னீர்ச் சொம்பைத் திணித்தார். "நீ லட்சணமா வாசல்ல நின்னு பன்னீர் தெளிம்மா. வெளக்கிச் சொல்றத கிளாஸ் லீடர் பையன் பாத்துக்குவான்."

அவன் அந்தக் கருவியை அன்றுதான் முதல்முறை பார்த்தான்.

"இதுல எதுக்குப்பா இத்தினி ஓட்டை?" என்று விருந்தினர் கேட்டார்.

"காத்து போறதுக்கு சார்."

அந்த மேதாவி தலையாட்டினார். கோப்பை அவனுக்குப் போயிற்று; எனக்குச் சொம்பைக் கழுவிவைக்கிற வேலை வந்தது.

இன்றும் உள்ளே அறிவியல் கண்காட்சிக்கு மேசைகள் போட்டிருந்தார்கள். பன்னீர் தெளித்த சிறுமியிடம், "நீ செஞ்சது எதும்மா?" என்று கேட்டேன். மூன்றாவது மேசையைக் காட்டினாள். அதன் பின்னால் ஒரு பையன் விறைப்பாக நின்றிருந்தான்.

"பொண்ணுங்க வரவேற்கிறாங்க, பசங்க வெளக்கிக்கினு இருக்காங்க மேடம்" என்று இன்றைய தலைமையாசிரியர் பெருமையோடு இளித்தார்.

சொம்பை வாங்கி அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்க லட்சணமா நின்னு தெளிங்க சார். இவ வந்து எனக்கு வெளக்கட்டும்."